அப்பா பார்க்காத கொலை

கதை சொல்லிப் பிழைக்க நினைப்பவர்களுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு நன்றாகவே தெரியும். எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியாது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, தொண்டாமுத்தூரில் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்து, மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வெப் சீரிஸ் எழுதிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். (காலை ஒன்பதரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து "யெஸ், யெஸ்" என்பேன். அம்மா கொலுசுச் சத்தம்கூட வராமல் காபியை வைத்துவிட்டுப் போவார். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.)

சென்னையிலிருந்து ஒரு தயாரிப்பு நிறுவனத்தார் கோவைக்கு வந்து புதியவர்களிடம் கதை கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். பீளமேட்டில் ஒரு ஹோட்டல், ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்று பதில் வந்தது. அப்பாவிடம் ஆபீஸ் மீட்டிங் என்றேன்.

"நானும் அந்தப் பக்கந்தான் கண்ணு போறேன். மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்கோணும். எறக்கி உட்டுர்றேன்" என்று காரை எடுத்தார்.

போகும் வழியிலேயே சாமானை வாங்கிவிட்டார். அதனால் ஹோட்டலில் என்னை இறக்கிவிட்டுப் போக வேண்டியவர், "நீ சாவகாசமா முடிச்சுட்டு வா. நா இங்கியே இருக்கறேன்" என்று வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

மாடி அறையில் இரண்டு பேர். கதைப் பிரிவின் தலைவியான ஓர் அம்மையார்; பக்கத்தில் லேப்டாப்போடு ஓர் இளைஞர். காலையிலிருந்து பன்னிரண்டு கதைகளைக் கேட்ட களைப்பு இருவர் முகத்திலும் இருந்தது. என் கதை இதுதான்: மலையடிவாரத் தென்னந்தோப்பில் அதன் சொந்தக்காரர் செத்துக் கிடக்கிறார். யானை மிதித்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. உண்மையில் அது கொலை. உட்கார்ந்து சொன்னால் எடுபடாது என்று எழுந்து நடித்தே காட்டினேன். யானைபோலப் பிளிறவும் செய்தேன். (ஹோட்டல் ஊழியர் ஒருவர் கதவைத் திறந்து, "ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.)

அம்மையார் முதல்முறையாக நிமிர்ந்தார். "இது நிஜமா நடந்ததாம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கண்களில் அப்போதுதான் கொஞ்சம் ஆவல் தெரிந்தது.

"ஆமாங்க மேடம். எங்க தோட்டத்துலதான். எங்கப்பா நேர்லயே பார்த்தாருங்க."

"அய்யோ! அவர்கிட்ட ஒருநாள் பேசணுமே."

"ஒருநாள் எதுக்குங்க? கீழதான் உட்கார்ந்திருக்கார்."

இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. நான் வாயை மூடுவதற்குள் அந்த இளைஞர் படியிறங்கிவிட்டார்.

அப்பா கையில் மஞ்சப்பையோடு உள்ளே வந்தார். இருவருக்கும் தனித்தனியே கும்பிடு போட்டார்.

"உட்காருங்க சார். அந்தக் கொலையை நீங்க பார்த்தீங்களாமே?" என்றார் அம்மையார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் புருவத்தாலும் உதட்டாலும் என்னென்னவோ சொன்னேன். அவருக்குப் புரிந்தது, எனக்கு உடம்பு சரியில்லை என்பது மட்டும்தான்.

"எந்தக் கொலைங்க?"

"உங்க தோட்டத்துக்கு யானை வந்தப்போ..."

அப்பாவின் முகம் தெளிந்தது. "ஓ, அதுங்களா! வந்துச்சுங்க. போன வருசம். ஆனா ஆரையும் கொல்லலீங்க. சமையக்கட்டு ஜன்னலை ஒடச்சு, தும்பிக்கையை உள்ள உட்டு அரிசி டப்பாவை எடுத்துப்போட்டுதுங்க. நானும் ஊட்டுக்காரியும் அடுத்த ரூமுக்குள்ள நின்னுட்டிருந்தமுங்க."

நான் திகைத்துப் போனேன். எந்த யானை? எங்கள் சமையற்கட்டிலா?

"பயமா இல்லையா சார்?" என்று இளைஞர் கேட்டார்.

"இல்லாம இருக்குமுங்களா? எனக்குக் காலெல்லாம் நடுங்குது. இவங்கம்மா எங்காதுல, 'ஏனுங்க, அது ரேசன் அரிசிங்க. நல்ல அரிசி பக்கத்து டப்பாவுல இருக்குது'ங்கறாங்க. யானைகிட்டச் சொல்லச் சொல்றாங்களா, எங்கிட்டச் சொல்றாங்களான்னே தெரியலீங்க."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

நான் கதை சொல்ல வந்ததையே மறந்துவிட்டேன். "எனக்கு ஏங்ப்பா சொல்லல?"

"தனியா வெளியூர்ல இருந்தீல்ல. பயந்துக்குவீன்னுதான் கண்ணு."

அதற்கப்புறம் யானை எப்படித் திரும்பியது, மறுபடி வந்ததா, ஜன்னலை என்ன செய்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள், நானும் கேட்டேன். என் பதினைந்து நிமிடமும் போய், அடுத்தவருடைய நேரத்திலும் பாதி போனது. தோப்பில் செத்துக் கிடந்தவரை ஒருவரும் விசாரிக்கவில்லை.

விடைபெறும்போது அம்மையார் நல்லெண்ணத்தோடு சொன்னார்: "பொண்ணை நினைச்சுப் பெருமைப்படணும் சார். எழுதறதுக்காக நல்ல வேலையை ராஜினாமா பண்ணிட்டு ஆறு மாசமா உழைச்சிருக்காங்க."

(விண்ணப்பத்தில் அதை நானேதான் எழுதியிருந்தேன். கொஞ்சம் பரிதாபம் வரட்டும் என்று.)

அப்பா மஞ்சப்பையின் காதை ஒருமுறை முறுக்கினார். "ஆமாங்க. ரொம்பச் சந்தோசமுங்க" என்றார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்காகச் சொன்னார்.

லிஃப்டில் இறங்கும்போது, கூடவே வந்த இளைஞர் என் கதை என்னவென்று அப்பாவுக்குச் சுருக்கமாகச் சொன்னார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

வடவள்ளி வரும்வரை அப்பா சாலையைப் பார்த்தே ஓட்டினார். நான் மனசுக்குள் மன்னிப்பை மூன்று விதமாக எழுதி அடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி" என்றார் அப்பா.

"சொல்லுங்ப்பா."

"அந்தத் தோப்புல செத்தவனை ஆரு கொன்னது?"

நான் அவர் பக்கம் திரும்பினேன். "அப்பா, வேலையைப் பத்தி..."

"அதை ஊட்டுக்குப் போயி உங்கம்மாகிட்டச் சொல்லிக்க. மொதல்ல இதைச் சொல்லு."

"அது... இன்னும் முடிவு பண்ணலீங்ப்பா."

அப்பா காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். "ஆறு மாசமாவா?"

வேலையை விட்டதற்குக்கூட அவர் அப்படி அதிர்ந்து போகவில்லை.

அந்த நிறுவனம் என் தொடரை எடுக்கவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் தோசை வைத்துக்கொண்டே, "ஆருதான்டி கொன்னது?" என்றார். இப்போது கோவையிலேயே ஒரு வேலையில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இதுவரை மூன்று கொலையாளிகளை அப்பாவிடம் ஒப்படைத்திருக்கிறேன். மூவரையும் விடுதலை செய்துவிட்டார். ("தேங்கா யாவாரி எதுக்குக் கண்ணு கொல்லப்போறான்? அடுத்த வெட்டுக்கு அவனுக்குக் காய் வேணுமில்ல?")

போன தை மாதம் அந்தியூரில் ஓர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "பொண்ணு என்னுங்க பண்றா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"ஒரு கொலைகாரனைத் தேடிட்டிருக்குதுங்க" என்றார் அப்பா, ரசத்தைக் கையில் ஏந்தியபடி.

பாயசம் வருவதற்குள் நான் போலீஸ் ஆகியிருந்தேன். அப்பா திருத்தவில்லை. அம்மா, "நைட் டூட்டிதானுங்க கொஞ்சம் செரமம்" என்று சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் என் எதிரில் ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுவதில்லை.

போன வாரம்கூட அந்தியூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். மூன்று ஆடுகளைக் காணோமாம். நான் போலீஸ் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கடைசியா எப்பங்க பாத்தீங்க?" என்று கேட்டேன்.