இருநூற்றுப் பதினாலாம் நம்பர் முகம்

பழைய டி.வி.யில் யார் வந்தாலும் இடது கன்னம் பச்சையாகத் தெரிந்தது. அமைச்சர் வந்தாலும் பச்சை, அழுகிற கதாநாயகி வந்தாலும் பச்சை. ஒரு வருஷமாக வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளிடமிருந்து போன் வந்த பிறகு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

"அப்பா! ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு எங்க சேனல்ல படகுப் போட்டி நேரலை. என்னை நம்பிக் கொடுத்திருக்காங்கப்பா! கட்டாயம் பாருங்க. ஆத்தங்கரையில சிக்னல் கிடைக்காது, எல்லாம் முடிஞ்சதும் நானே..."

யாரோ கூப்பிட்டார்கள். போன் பட்டென்று அணைந்தது.

மகள் அந்தச் சேனலில் சேர்ந்து இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. என்ன வேலை என்று கேட்டால், "இப்ப பயிற்சிப்பா, எல்லாத்தையும் கத்துக் குடுக்கிறாங்க" என்பாள். இப்போது புரிந்துவிட்டது. முதலில் புரிந்தது மச்சினனுக்கு.

"தொகுப்பாளினி!" என்று துள்ளினான் அவன். "அக்கா, உன் பொண்ணு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கப் போறா!"

ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"ஊரே பார்க்கும்போது என் பொண்ணு மட்டும் நம்ம வீட்டுல பாதி மூஞ்சி பச்சையாவா வருவா?" என்றாள் மனைவி.

அவருக்கும் அதே கவலைதான், இன்னும் கொஞ்சம் நுணுக்கமாக. அவர் பெயின்ட் கடைக்காரர். இருபத்தாறு வருஷமாக நிறம் கலக்கிக் கலக்கி, உலகத்தையே நிற அட்டையின் நம்பர்களாகப் பார்க்கப் பழகியவர். வானம் அவருக்கு நீலம் இல்லை, முந்நூற்றெட்டு. மனைவிக்குக் கோபம் வந்தால், "என்ன, முகம் நூத்திப் பத்துக்கு வந்துடுச்சு?" என்பார். தெருவில் அவருக்கு நம்பர்காரர் என்றுதான் பெயர். மகள் பிறந்து ஒரு மாசத்திலேயே அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இருநூற்றுப் பதினாலு என்று முடிவு செய்துவிட்டார். அதில் இன்றுவரை மாற்றமில்லை.

புதன்கிழமை கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு, மகளின் புகைப்படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு டி.வி. கடைக்குப் போனார். சட்டைப் பையில் நிற அட்டை. கூடவே மச்சினன்.

"அத்தான், டெக்னாலஜி விஷயத்தை என்கிட்ட விட்டுடுங்க."

"விட்டுட்டேன் மாப்ளே. நிறத்தை மட்டும் என்கிட்ட விட்டுடு."

கடைப் பெண் சளைக்காமல் விளக்கினாள். "இது சாதாரண எல்.இ.டி. சார். திரைக்குப் பின்னாடி விளக்கு எரியும். இது கியூ.எல்.இ.டி. அதே விளக்குதான், ஆனா முன்னாடி ஒரு படலம் இருக்கும், நிறமெல்லாம் தூக்கலா வரும். அந்தக் கடைசியில இருக்கிறது ஓ.எல்.இ.டி. அதுல பின்னாடி விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும்."

"முகம் எதுல சரியா வரும்?"

"எல்லாத்துலயும் வரும் சார்."

"அப்படிப் பொதுவாச் சொல்லாதம்மா. இருநூத்திப் பதினாலு எதுல வரும்?"

அந்தப் பெண் மச்சினனைப் பார்த்தாள். மச்சினன் கூரையைப் பார்த்தான்.

"சார், முகத்துக்கெல்லாம் நம்பர் கிடையாது."

"உனக்குக் கிடையாதும்மா. எனக்கு உண்டு."

மச்சினன் எல்.இ.டி.யே போதும் என்றான். கடையில் பளிச்சென்றுதான் இருந்தது. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்து மகளின் படத்தைப் போட்டுப் பக்கத்தில் அட்டையைப் பிடித்தார். முகம் வெளிறிப்போனது மகளுக்கா அவருக்கா என்று சொல்ல முடியவில்லை.

"இருநூத்திப் பத்து! நாலு நம்பர் இறங்கிடுச்சு! காய்ச்சல்ல படுத்துக் கிடந்தவ மாதிரி இருக்கா!"

"எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றாள் மனைவி.

"உனக்கு அப்படித்தான் தெரியும். ஹால் சுவருக்கு வெள்ளை போதும்னு சொன்னவதானே நீ?"

வியாழக்கிழமை கியூ.எல்.இ.டி. வந்தது. மகள் செக்கச்செவேல் என்று ஜொலித்தாள். பின்னால் இருந்த புல்தரை, இப்போதுதான் யாரோ பெயின்ட் அடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"இருநூத்தி இருபத்திமூணு" என்றார் அவர் தளர்ந்த குரலில். "வெயில்ல ஓடி வந்து யாரையோ அடிக்கப் போறவ மாதிரி."

"அத்தான், இதுதான் இப்ப எல்லாரும் வாங்கறாங்க."

"எல்லாரும் வாங்கட்டும் மாப்ளே. எல்லார் வீட்டுலயும் பெத்த பொண்ணா வரப்போறா?"

வெள்ளிக்கிழமை ஓ.எல்.இ.டி. வந்து இறங்கியது. போட்டதும் திரை ஒரு நொடி கறுப்பாக நின்றது. நம்பர்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஆகா! கறுப்புன்னா இது கறுப்பு! இத்தனை நாளா நாம பார்த்ததெல்லாம் கழுவாத சாம்பல்!"

"இன்னும் படமே வரலைங்க" என்றாள் மனைவி.

படம் வந்தது. அட்டை வந்தது. இருநூற்றுப் பதினாலு! அவர் கண் கலங்கிவிட்டது. மச்சினன் கைதட்டினான். வாசலில் எட்டிப்பார்த்த எதிர்வீட்டு டீச்சரும் கைதட்டினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நாளைக்கு எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்க்க உட்கார்ந்தார். திரையில் மகள் முகத்துக்கு நடுவே டீச்சர் வீட்டுக் கொடியில் காயும் துண்டு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அப்படியே கண்ணாடி மாதிரி திரையில் விழுந்தது.

ஜன்னலை அடைக்கக் கடையிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்தார். தார்ப்பாயில் இருந்த கிழிசல் வழியாக ஒரே ஒரு வெளிச்சக் கோடு உள்ளே வந்து எதிர்ச்சுவரில் பட்டு, அந்த வெள்ளைச் சுவர் முழுசாகத் திரையில் பளபளத்தது.

"சுவர்தான் கோளாறு" என்றார்.

"வேண்டாங்க" என்றாள் மனைவி. இருபத்தாறு வருஷமாக அவர் முகத்தில் அந்தக் களையை அவள் பார்த்திருக்கிறாள்.

மத்தியானத்துக்குள் சுவர் நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் அடர்சாம்பல் ஆகிவிட்டது. அந்த இருட்டில் டீ கொண்டுவந்த மனைவி ஸ்டூலில் இடித்து, பாதி டீயை ரிமோட்டின் மேல் ஊற்றினாள். ஓ.எல்.இ.டி.யின் ரிமோட். அதற்குப் பிறகு ஒலியைக் கூட்டும் பொத்தான் மட்டுமே வேலை செய்தது. மகளின் சேனலை முன்பே போட்டு வைத்திருந்ததால் தப்பித்தார்கள்.

பிடிக்காத எல்.இ.டி.யையும் கியூ.எல்.இ.டி.யையும் திருப்பி எடுத்துப் போக வேண்டிய வண்டி திங்கட்கிழமைதான் வரும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். மச்சினனுக்கு மூளை வேலை செய்தது.

"அத்தான், மூணையும் ஓட விடுவோம். எதுல நல்லா வர்றாளோ அதைப் பார்த்துக்கலாம்!"

ஞாயிறு காலை ஒன்பதரை மணி. எல்.இ.டி. மேஜை மேல், கியூ.எல்.இ.டி. துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல், ஓ.எல்.இ.டி. நடுநாயகமாக ஸ்டாண்டில். ஹாலில் தெருவே உட்கார்ந்திருந்தது. பெயின்ட் நெடியில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். மச்சினன் தெரியாமல், ராத்திரி இரண்டாம் கோட் அடித்த ஈரச்சுவரில் சாய்ந்து, முதுகு பூராவும் நானூற்றுப் பன்னிரண்டாகித் திரும்பினான்.

பத்து மணி. இசை முழங்கியது. ஓ.எல்.இ.டி. எதிர்வீட்டையும் தாண்டிக் கேட்கிற மாதிரி முழங்கியது. திரையில் மைக்கோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

சுருட்டை முடி. நல்ல உயரம்.



"இது உங்க பொண்ணா?" என்றார் டீச்சர்.

"முடியைச் சுருட்டி விட்டிருப்பாங்க" என்றான் மச்சினன்.

"மூக்கு?"

"கியூ.எல்.இ.டி.ல மூக்கு கொஞ்சம் தூக்கலாத் தெரியும் டீச்சர். எல்.இ.டி.ல பாருங்க."

எல்லாரும் எல்.இ.டி.க்குத் திரும்பினார்கள். அங்கேயும் அதே மூக்கு. நம்பர்காரர் அட்டையோடு எழுந்து போய் மூன்று திரையிலும் வைத்துப் பார்த்தார். ஓ.எல்.இ.டி.யிலேயே நூற்றுத் தொண்ணூற்றெட்டு. எந்தத் தொழில்நுட்பமும் பதினாறு நம்பரை விழுங்காது.

"என் பொண்ணு இல்லை" என்றாள் மனைவி. அதற்கு அவளுக்கு அட்டை தேவைப்படவில்லை.

"அடுத்து வருவா. போட்டி ஆரம்பிச்சதும் வருவா" என்றார் அவர்.

போட்டி ஆரம்பித்தது. படகுகள் சீறிக்கொண்டு வந்தன. படம் ஆற்றின் நடுவிலிருந்தே வந்தது, பார்க்கிறவனும் ஒரு படகில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. துடுப்பு தண்ணீரைக் கிழித்தது. தெறித்த துளிகள் வெயிலில் ஒரு கணம் நின்று விழுந்தன. நிழல் விழுந்த இடத்தில் தண்ணீர் பாசியின் பச்சை, நடுவே பளிங்கு, கரையோரம் மண்ணின் பழுப்பு. முன்னால் போன சிவப்புப் படகு நெருங்கி வந்தபோது ஹாலில் இருந்தவர்கள் கால்களை இழுத்துக்கொண்டார்கள்.

அவர் மகளை மறந்துபோனார்.

"அறுபத்திரெண்டு!" என்று கத்தினார். "அந்தச் சிவப்பு அறுபத்திரெண்டு! பாரு, ஓ.எல்.இ.டி.ல அச்சா அறுபத்திரெண்டு! கேமராவைச் சூரியனைப் பார்த்துத் திருப்பியும் ஒரு நம்பர் நகரலை. எவனோ கண்ணுள்ளவன் எடுத்திருக்கான்டா!"

"பிடி! பிடி! விடாதே!" என்று மச்சினன் எழுந்து நின்று துடுப்புப் போட்டான். டீச்சர் நீலப் படகின் கட்சி. ஓ.எல்.இ.டி.யின் ஒலியைக் குறைக்க முடியாததால் எல்லாரும் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்கள். சிவப்புப் படகு ஒரு முழ வித்தியாசத்தில் ஜெயித்தபோது, மனைவிகூட கை தட்டிவிட்டாள். தட்டிய பிறகுதான் நினைவு வந்தது.

"என்னங்க, நம்ம பொண்ணு எங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. திரையில் அந்தச் சுருட்டை முடிப் பெண் விடைபெற்றுக்கொண்டிருந்தாள்.

"வெட்டிட்டாங்க அத்தான்" என்றான் மச்சினன். "கடைசி நேரத்துல நம்ம பொண்ணைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுட்டாங்க."

மூன்று டி.வி., ஒரு சுவர், ஒரு தெரு. அத்தனை பேர் முன்னாலும் அவர் முகம் நூற்றுப் பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மகள் எங்கேயோ ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். சேனலின் நம்பர் திரையின் அடியில் ஓடியது. போனை எடுத்து அழுத்தினார். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க சார்."

"என்னம்மா வணக்கம்? படம் அருமை, நான் இல்லைங்கலை. தண்ணி தண்ணியா இருக்கு. அந்தப் படகோட சிவப்பு அச்சு அசலா அறுபத்திரெண்டு. அதெல்லாம் சரி! ஆனா நம்பிக் கொடுத்துட்டோம்னு சொல்லி ஒரு சின்னப் பொண்ணை ஏமாத்தலாமா? இரண்டு மாசமா உங்ககிட்ட பயிற்சி எடுத்தவ! இந்த வீட்டுல மூணு டி.வி. வெச்சுத் தேடுறோம், ஒண்ணுலயும் அவ முகம் வரலை! எங்கம்மா என் பொண்ணு?"

 அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"அறுபத்திரெண்டா சார்? அப்பாடா! படகுல உட்கார்ந்து கேமரா பிடிச்சிட்டிருந்த பொண்ணு, 'எங்கப்பா எப்படியும் போன் பண்ணி அந்தச் சிவப்புக்கு ஒரு நம்பர் சொல்லுவாரு, கேட்டு வைங்க, அது அறுபத்திரெண்டா இருந்தாத்தான் நான் பாஸ்'னு சொல்லிட்டுப் போச்சு!"