ஒரு நூல்காரரின் உச்சிவெயில் சினிமா

உலகம் முழுவதும் சினிமாவை இருட்டிய பிறகுதான் காட்டினார்கள். பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சி வேளையில் காட்டிய ஒரே ஆசாமி எங்கள் திண்டிவனத்து ஒரு நூல்காரர்தான். நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள் அந்தத் தெருவில் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். தொழில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தரகு. தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டாக வகுத்து அதில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள் அல்லவா, அந்த ஒரு நூலில்தான் மனிதரின் உயிர் இருந்தது. சுவரில் மாட்டிய சாமி படம், இலையில் வைத்த அப்பளம், எதிர்வீட்டுக்காரர் நெற்றியில் இட்ட நாமம், எதைப் பார்த்தாலும் "இன்னும் ஒரு நூல் தள்ளணும்" என்பார். ஊரும் அவரை ஒரு நூல்காரர் என்றே கூப்பிட்டது. யுத்தத்துக்கு முந்தைய அந்த வருஷங்களில் நான் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. அவர் வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தேன். காலையில் நான் எடுத்த வகிடு அவர் கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு ஆபீஸுக்கு லேட்டுதான்.

கல்யாணமான புதிதில் மனைவி அஞ்சலையை விழுப்புரத்துக்கு டென்ட் சினிமா பார்க்கக் கூட்டிப் போனாராம். படம் ஆரம்பிக்கும் முன்பே திரை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, எழுந்து போய்க் கம்பத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். திரையோடு சேர்ந்து பாதி டென்ட்டும் ஜனங்கள் தலையில் இறங்கியது. புருஷன் பெண்டாட்டி இருவரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவராகவே சத்தியம் செய்தார்.

"கோணப் படம் பாத்தா கண்ணு கெட்டுப்பூடும் அஞ்சல. நம்மூட்லயே உனக்கு நேரான படம் காட்டுறேன், பாத்துக்கினே இரு."

அஞ்சலை அக்காவும் பார்த்துக்கொண்டே இருந்தார். வருஷங்கள் போயின. ஒருநாள் புதுச்சேரியில் ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார். நிலைக்கண்ணாடி வைத்த பீரோ ஒன்று வாங்கப் போன நம்மவர், பீரோவோடு கையால் சுற்றுகிற சினிமா மெஷின் ஒன்றையும், ஒரு பெட்டி நிறையக் குட்டிக் குட்டிச் சுருள்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லையில் சுங்கச் சாவடிக்காரர்கள் நிறுத்தினார்களாம். இவர் சாவடியின் பெயர்ப்பலகை சாய்ந்திருக்கிறது என்று சொல்லி ஏணி கேட்டிருக்கிறார். ஆளை விட்டால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

மெஷினுக்குக் கரண்ட் விளக்கு வேண்டும். எங்கள் தெருவிலோ கரண்ட் கிடையாது. பெட்ரோமாக்ஸ் வைத்துப் பார்த்தார். திரையில் தெரிவது யானையா எருமையா என்று தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அப்புறம்தான் அந்த மகா யோசனை பிறந்தது. பீரோவிலிருந்து நிலைக்கண்ணாடியைக் கழற்றிக் கொல்லையில் வைத்தார். பின்கட்டு அறையின் கதவில் ஓர் ஓட்டை போட்டார். கண்ணாடி சூரியனைப் பிடித்து ஓட்டை வழியாக மெஷினுக்குள் அனுப்ப, எதிர்ச்சுவரில் கட்டிய வேட்டியில் யானை பளிச்சென்று வந்து நின்றது. தெரு ஜனம் கை தட்டியது. இவர் மட்டும் தட்டவில்லை.

"யானை ஒரு நூல் சாஞ்சிக்கினு கீது" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது பேஜாரு. கொத்தனாரிடமிருந்து ரசமட்டமும் தூக்குக்குண்டும் கடன் வாங்கி வந்தார். மெஷின் வைத்த மேஜையின் ஒரு காலை இழைத்தார், அதற்குச் சமமாக இன்னொரு காலை இழைத்தார். கடைசியில் மேஜை மணைப்பலகை உயரத்துக்கு வந்து, மெஷினைச் சுற்றுகிறவர் தரையில் படுத்துக்கொண்டு சுற்ற வேண்டியதாயிற்று. கதவு இடுக்கில் வெளிச்சம் வருகிறது என்று மல்லாட்டைப் புண்ணாக்கைக் குழைத்து அடைத்தார். மறுநாள் தெரு ஆடுகள் அத்தனையும் வந்து கதவைச் சுத்தமாக நக்கிவிட்டுப் போயின.

கொத்தனார் தன் ரசமட்டத்தைக் கேட்டு வந்தார். "செவுரு பாதியில நிக்குதுண்ணே."

"உன் செவுரு எங்கியும் ஓடிப்பூடாது, ஒக்காரு. இந்த யானய ஒரு தபா பாரு."

கொத்தனார் உட்கார்ந்தார். பிறகு தினமும் வந்து உட்கார்ந்தார். அந்தச் சுவர் எழும்பவே இல்லை என்று கேள்வி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சூரியன் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. அவன் நகர நகரக் கண்ணாடியையும் இழை இழையாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஒருநாள் பிடித்தேன். வெளிச்சம் பக்கத்து வீட்டு மாட்டின் கண்ணில் பட்டு, அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கொத்தனார் பிடித்தார், அறைக்குள் யானை ஊஞ்சல் ஆடியது. முறத்தில் மல்லாட்டை புடைத்துப் பழகிய அஞ்சலை அக்காவின் கைதான் ஆடாமல் நின்றது. ஆகவே தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவரே கொல்லையில் நின்றார்.

"அஞ்சல, ஒரு நூல் கெழக்க!"

"போதுமாங்க?"

"ஜாஸ்தி பூட்ட, அரை நூல் மேக்க!"

உள்ளே தெருவே உட்கார்ந்து படம் பார்த்தது. யாருக்காக மெஷின் வந்ததோ அந்த அம்மாள் மட்டும் வெளியே வெயிலில். எங்கள் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. சத்தியம் செய்த மனிதருக்கோ திரையின் மூலை மட்டம் தவிர வேறு நினைப்பே இல்லை. திடீர் திடீரென்று மெஷினை நிறுத்தி ஃபோகஸ் பார்ப்பார். நின்ற சுருளைச் சூரியன் சும்மா விடுவானா? ஓட்டை போட்டுவிடுவான். இப்படியே குதிரைப் பந்தயம் போயிற்று, பூந்தோட்டம் போயிற்று, கப்பலும் போயிற்று. மிஞ்சியது யானைச் சுருள் ஒன்றுதான்.

ஐப்பசி மேகம் கட்டத் தொடங்கிய ஒரு நாள், ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்கு இவர், "அஞ்சல, கண்ணாடியப் புடி!" என்று குரல் கொடுத்தார். கதவைத் திறந்துகொண்டு அக்காவே உள்ளே வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"இன்னாம்மே?"

"மழ வந்துச்சின்னா அப்பறம் தை மாசம்தான். அதுக்குள்ள அந்த ஒண்ணையும் ஓட்டை பண்ணிடுவீங்க. இன்னிக்கு நான் பாக்கணும்."

"இன்னாத்த?"

"யானயதாங்க. தெருவுல அல்லாரும் அது குளிச்ச கதயச் சொல்றாங்க. நான்தான் பாக்கல."

நூல்காரர் மெஷினை விட்டு நிமிர்ந்தார். "நீ... இன்னும் பாக்கலயா?" என்றார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. பெரிய சரக்கு மூட்டையை யாரோ தோளில் இறக்கியது போல உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நிமிஷம் துள்ளி எழுந்தார். அக்காவுக்கு நடுவில் பாய் போட்டார். பாயை ஒரு நூல் தள்ளினார். கண் மட்டத்துக்கு ரசமட்டம் வைத்துத் தலையணை கொடுத்தார், எடுத்தார், திரும்பக் கொடுத்தார். மேகம் வருவதைப் பார்த்துப் பதறிச் சுருளை மெஷினில் மாட்டி, "தம்பி, ஜல்தியா சுத்து!" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் கொல்லைக்கு ஓடினார்.

சுற்றினேன். வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. அவ்வளவுதான், அறையே திகைத்தது. முந்தின காட்சியில் ஓடிய சுருளைத் திருப்பிச் சுற்றாமல், அவசரத்தில் கடைசியிலிருந்து மாட்டியிருந்தார் மகானுபாவர். ஆறு மேலே ஓடியது. யானை நாலு காலையும் மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்தது. முதுகில் ஊற்றிய தண்ணீரெல்லாம் திரும்பத் தும்பிக்கைக்குள் புகுந்துகொண்டது.

வெளியிலிருந்து குரல் வந்தது. "அஞ்சல! யானை தெரியுதா?"

"தெரியுதுங்க!"

"நேரா கீதா?"

கொத்தனார் வாயெடுத்தார். அக்கா பனைவிசிறியை அவர் பக்கம் ஓங்கினார்.

"நூல் புடிச்ச மாதிரி கீதுங்க! நீங்க ஆடாம நில்லுங்க!"

"ஒரு நூல் கெழக்கத் தள்ளட்டுமா?"

"வாணாங்க! அப்படியே இருக்கட்டும்!"

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அந்த அம்மாள் அப்படிச் சிரிப்பார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் அடக்க முடியவில்லை. சிரிப்பில் என் கை நடுங்க, யானை நொண்டியபடி பின்னோக்கிப் போய்க் காட்டுக்குள் மறைந்தது.

வெறுங்காலோடு சுடுமண்ணில் நின்ற மனிதர் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. சுருளைக் கழற்றப் போனவரின் கை அப்படியே நின்றது. மாட்டிய லட்சணம் புரிந்துவிட்டது.

"தலகீழாவா ஓடுச்சி?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ரொம்பப் புடிச்சிதுங்க."

அவர் சுருளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், வேட்டித் திரையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கி, வீடு இடிந்து விழப் போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம்.

"அப்ப நாளிக்கும் இப்படியே மாட்டட்டுமா?" என்றார்.

மழை பிடிக்கும் வரைக்கும் தினமும் இரண்டு காட்சி. தெருவுக்கு ஒரு தடவை நேராக, அப்போது கண்ணாடி அக்கா கையில். அக்காவுக்கு ஒரு தடவை தலைகீழாக, அப்போது கண்ணாடி அவர் கையில். அந்த இரண்டாவது காட்சியில் மட்டும் ஒரு நூல் தள்ளட்டுமா என்று அவர் கேட்டதே இல்லை.

இப்போது ஏ.சி. தியேட்டரில் படம் பார்க்கிறேன். விளக்கு அணைந்ததும் என்னை அறியாமல் பின்சுவரைத் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே ஓட்டை வழியாக வெளிச்சம் வரும்போது, அந்தப் பக்கம் வெறுங்காலோடு யாராவது வெயிலில் நிற்கிறாரோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.