பானட் ஞானியும் சிவப்பு வண்டியின் சம்மதமும்

அந்தப் பழைய கார்க் கடையில் கார்கள் பேசின. நீங்களும் நானும் கேட்டதில்லை என்றால் அது நம் காதின் கோளாறு.

பேசுவதென்றால் வாயைத் திறந்தல்ல. பானட் ஞானி என்றொருவர், முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு, மூன்று பேருக்குப் போதுமான உடம்பு. வலக்கையைக் காரின் முன்மூடியான பானட் மேல் வைப்பார். கண்ணை மூடுவார். "இவரோட போக உனக்குச் சம்மதமா?" என்று கேட்பார். சம்மதமென்றால் வண்டி நான்கு விளக்கையும் இரண்டு தரம் சிமிட்டும். இல்லையென்றால் கம்மென்று நிற்கும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எவருக்கும் இத்தனை சீக்கிரம் பதில் கிடைத்ததில்லை.

சனிக்கிழமை காலை கடை திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனையைத் தொட்டிருந்தது. வாங்க வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. வாங்கிக் கெட்டவர்களும் அதிலே இருந்தார்கள். ஒரு தையல்காரம்மா ஞானியின் காலில் விழாத குறை.

"ஐயா, நீங்க சொன்ன வண்டிதான். ரெண்டே மாசத்துல கிளட்ச் போயிடுச்சு."

"வண்டியைத் திட்டினியா?"

"திங்கக்கிழமை ஒருவாட்டி... சனியனேன்னு சொல்லிட்டேன்."

"அதான் மனசு ஒடிஞ்சு போச்சு," என்றார் ஞானி. தையல்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வண்டிக்கு மனசு ஒடியுமாம், விற்றவனுக்கு மட்டும் ஒன்றும் ஒடியாதாம்!

இந்தக் கூட்டத்தில்தான் நம் கணக்கு வாத்தியார் தன் மனைவியோடு நின்றார். பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு நடத்துகிறவர். நாணயத்தைப் பத்துத் தரம் சுண்டினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளைக் குடைகிறவர். கடை வாசலை மிதித்ததும் அந்த மூளையைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டார்.

மனைவி நர்ஸ். பிள்ளை பெற்ற பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. போன வாரம் அவர்களுடைய கிழட்டு வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டது. ரத்தப்போக்கு நிற்காமல் ஒருத்தி காத்திருந்தாள். நர்ஸம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மைல் ஓடியே போனார். அந்தப் பெண் பிழைத்தாள், ஆனால் அந்த ஓட்டத்தின் பயம் நர்ஸம்மாவை விட்டு இன்னும் போகவில்லை. அவருக்கு வேண்டியது, சாவியைத் திருப்பினால் கிளம்பும் வண்டி.

வாத்தியாருக்கு வேண்டியதோ சீறுகிற வண்டி. சின்ன வண்டிதான், ஆனால் சீற வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் அப்படியொரு ஆசை.

கடையில் அந்த ரகத்தில் இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு: மூன்று வயது, பின்னால் இறக்கை, இரட்டைப் புகைக்குழாய், உட்கார்ந்தால் அள்ளிக் கட்டிக்கொள்ளும் சீட்டு. இன்னொன்று நீலம்: எட்டு வயது, கதவில் கீறல், ஆனால் ஒவ்வொரு சர்வீஸும் தேதி போட்டு முத்திரை குத்திய புத்தகம்.

"நீலத்துக்குக் கேஸ் ஹிஸ்டரி இருக்குங்க," என்றார் நர்ஸம்மா. "சிவப்புக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல."

"அது எப்படி நிக்குது பாரும்மா, பாய்ற மாதிரி!"

"நின்னுட்டேதான் இருக்கும். அதான் பயமா இருக்கு."

முறை வந்தது. ஞானி முதலில் நீலத்தைத் தொட்டார். ஒரு சிமிட்டலும் இல்லை. சிவப்பைத் தொட்டார். "சம்மதமா?" பளிச், பளிச்! கூட்டம் ஆவென்றது. வாத்தியார் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். கடை முதலாளி பத்திரத்தையும் பேனாவையும் தயாராக வைத்திருந்தார். அவருக்கு எந்த ஞானமும் இல்லை, முன்யோசனை மட்டும் உண்டு.

வாத்தியார் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றார் நர்ஸம்மா. "ஐயா, உங்க இடது கைக்கு என்ன?"

ஞானி கண்ணைத் திறந்தார். "கைக்கு என்ன?"

"ஒன்றரை மணி நேரமா பாக்குறேன், கோட்டுப் பையை விட்டு வெளியவே வரல. மரத்துப் போச்சா? நடுக்கம் இருக்கா? காட்டுங்க, நான் நர்ஸ்."

"இடது கை ஆகாதும்மா. வண்டிக்குப் பிடிக்காது."

"கியரே இடது கையாலதானே போடுறோம்? அப்ப மட்டும் பிடிக்குதா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு ஒரு தொற்றுநோய். ஞானி வேறு வழியின்றிக் கையை வெளியே எடுத்தார். நல்ல கொழுத்த, ஆரோக்கியமான கை.

"ரெண்டு கையையும் பானட் மேல வெச்சு இன்னொரு தரம் கேளுங்க. சம்மதம் நிஜம்னா மறுபடியும் சொல்லுமில்ல?"

"சம்மதமா?" என்றார் ஞானி. சிவப்பு வண்டி பேசவில்லை. "சம்மதமா, கண்ணு?" கொஞ்சினார். ஊகூம். "சொல்லேன்!" என்று அதட்டினார். ஒரு விளக்கும் அசையவில்லை.

"இத்தனை பேர் பாக்குறாங்கல்ல, கூச்சப்படுது," என்றார் முதலாளி.

"காலைல இருந்து இதே கூட்டம்தானே, அப்ப கூச்சப்படலியா?" இதைக் கேட்டது தையல்காரம்மா! இரண்டு மாதமாக உள்ளே கிடந்த கேள்வி எழுந்து நின்றுவிட்டது.

ஞானிக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. "மயக்கமா வருது," என்று பக்கத்தில் இருந்த கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று இறங்கினார். நாற்காலியோ ஒல்லி. கைப்பிடி அவருடைய கோட்டுப் பையை இறுக்கி நசுக்கியது.

பளிச், பளிச்! சிவப்பு வண்டி சிமிட்டியது.

பதறி எழுந்தார். நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழுந்தது. பளிச், பளிச்! இந்தப் பக்கம் உலுக்கினார், ஹாரன் அலறியது. அந்தப் பக்கம் உலுக்கினார், டிக்கி தானாகத் திறந்து மேலே போனது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. "யார் கேட்டா, இப்ப சம்மதம் சொல்லுது?" என்று ஒரு குரல். "நாற்காலியோட போகச் சம்மதமாம்!" என்று இன்னொன்று. இரண்டு பேர் இழுத்து நாற்காலியைக் கழற்றியபோது கோட்டுப் பையிலிருந்து சிவப்பு வண்டியின் இன்னொரு ரிமோட் சாவி தரையில் விழுந்தது.

நர்ஸம்மா சாவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. திறந்த டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். ஸ்டெப்னி டயர் குழியில் வெடித்துக் காய்ந்த சேறு. பின்சீட்டுக்குப் போய் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். பாதிக்கு மேல் சேற்றுக்கறை.

"கழுத்தளவு வெள்ளத்துல நின்ன வண்டிங்க இது," என்றார். பெல்ட்டைப் படாரென்று விட்டார். கோபம்தான். "அடுத்த தடவ இது நடுரோட்டுல நின்னா, அங்க ஒருத்தி எனக்காகக் காத்துக்கிட்டிருப்பா. அவகிட்ட போய் வண்டிக்கு மனசு சரியில்லன்னு சொல்லவா?"

வாத்தியார் பேனாவை மூடினார். முகம் சிவப்பு வண்டியைவிடச் சிவந்திருந்தது. "நிகழ்தகவு... நானே..." என்று ஏதோ முனகினார். நர்ஸம்மா முதலாளியிடமிருந்து நீல வண்டியின் சாவியை வாங்கி அவரிடம் நீட்டினார். "ஓட்டிப் பாருங்க. அப்புறம் நாம தேடிப் பிடிக்கிற மெக்கானிக் பாக்கட்டும். அப்புறம் பேனாவைத் திறக்கலாம்."

கடை முதலாளி ஞானியை யாரென்றே தெரியாது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். ஞானி பின்வாசலைத் தேடிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா அந்த வாசலில் ஏற்கெனவே இடுப்பில் கைவைத்து நின்றார்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? வரிசையின் கடைசியில் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்: "இவர் போலி, சரி. நிஜமான ஞானி எங்க இருக்கார்?"

அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். செருப்பு வாங்கினால்கூட நாலடி நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். நம்பிக்கையை மட்டும் போட்டுப் பார்க்காமலே வாங்கிவிடுகிறோம். அது கடித்தாலோ, நம் கால்தான் கோணல் என்று அழுகிறோம். காலில் ஒரு குறையும் இல்லை, ஐயா. ஒரு தரம் செருப்பைக் கழற்றி, அதற்குள் என்ன இருக்கிறதென்று பாருங்கள்!