பலகைத் தளபதி பேசுகிறார்

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வரலாற்றுப் பலகை. பதினொரு வருடமாக அதை ஒருவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. லாரி ஓட்டுகிறவர்கள் மட்டும் அவசரத்துக்கு அதன் காலடியில் ஒதுங்குவார்கள். இப்போது அதே இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்கிறது கூட்டம். வரிசை பெட்ரோல் பங்க் வரை போகிறது. நாடு முன்னேறுகிறது அல்லவா!

பலகையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "இவ்விடத்தில் நடந்த போரில் நம் தளபதி குண்டடிபட்டுக் குதிரையிலிருந்து சாய்ந்தார்." கீழே பொடி எழுத்தில், "தொடர்ச்சி மறுபக்கம்." மறுபக்கம் முழுக்க முள்புதர். யார் போவார்கள்?

வீட்டுத் தரகு வேலையில் தோற்றுப்போன ஒருவர், பழைய ராணுவக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்தார். தளபதியின் ஆவி தம்மேல் இறங்குகிறது என்றார். "அதெப்படி?" என்று ஒருவர் கேட்க வேண்டுமே! "டோக்கன் எங்க தர்றாங்க?" என்றுதான் கேட்டார்கள். பலகையைக் கழுவிய தண்ணீர் பாட்டிலில் விற்றது. லேசாக நீலம் பாரித்திருந்ததால் அதற்குச் சக்தி அதிகமாம்.

லாரி ஓட்டுநர் ஒருவரும் போய் நின்றார். அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். தையல் மிஷினில் உட்கார்ந்தால் வலியில் சுருண்டுவிடுவாள். "வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இதுக்கு மேல தள்ளிப்போட்டா உயிருக்கு ஆபத்து" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆவி விடுமா? "கத்தி படக் கூடாது!" என்று உறுமியது. "என்னைக் கொன்றதே வைத்தியன் கத்திதான்! தண்ணீரைக் கொடு!"

வியாழக்கிழமை காலை, ஓட்டுநரின் வீட்டில் அவர் அக்கா வந்து இறங்கினார். சாலைத் துறையில் பலகைகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்கு.

"ஏன்டா, ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டியாமே?"

"தளபதி வேணாம்னாருக்கா."

"எந்தத் தளபதி? அந்த நீல போர்டா? அதுக்குப் பெயின்ட் அடிச்சதே நான்தான்டா! என் பெயின்ட்டைக் கழுவி இவளுக்குக் குடுத்திருக்கியே, பாவி!"

"அதான் வாயெல்லாம் கசக்குதா, அண்ணி?" என்று படுத்தபடியே சிரித்தாள் மனைவி. சிரிப்பு பாதியிலேயே நின்றது. "எனக்குப் பயமா இருக்கு. நான் சாகக் கூடாது."

அக்கா தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே பலகைக்குப் போனார். வரிசையை மதிக்கவில்லை. டோக்கனும் வாங்கவில்லை.

"தளபதி ஐயா, ஒரு சந்தேகம். குண்டு எங்க பட்டுச்சு?"

"நெஞ்சில்!" கூட்டம் உச்சுக்கொட்டியது.

"எப்ப உயிர் போச்சு?"

"வைத்தியன் கத்தி வைத்த அதே நிமிடம்!"

"பிள்ளைகுட்டி?"

"கல்யாணமே செய்துகொள்ளாதவன் நான்! போர்க்களமே என் வீடு!" ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா பையிலிருந்து புதர் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் நடந்தார்.

"பின்னால் போகாதே! கண் அவிந்துவிடும்!"

"போன வருஷம் மூணு நாள் அங்க உக்காந்துதான் அழிஞ்ச எழுத்தையெல்லாம் திரும்ப எழுதினேன். கண்ணு நல்லாத்தான் தெரியுது." முள்ளை வெட்டித் தள்ளினார். "டேய், நீயே வந்து படி. எல்லாருக்கும் கேக்கணும்."

தம்பி படித்தார். "குண்டு அவர் தொடையில் பாய்ந்திருந்தது. படை மருத்துவர் அன்று மாலையே அறுவை செய்து அதை எடுத்தார். அதனால் பிழைத்த தளபதி, மணம் புரிந்து, ஒன்பது மக்களைப் பெற்று, எண்பத்தொன்றாம் வயதில் வேறோர் ஊரில் தம் வீட்டுக் கட்டிலில் காலமானார்."

அறுவை என்ற இடத்தை மட்டும் அவர் இரண்டு தரம் படித்தார்.

"யோவ், நெஞ்சு எப்பய்யா தொடைக்கு எறங்குச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "ஒம்போது பிள்ளையும் போர்க்களத்துலயா பொறந்துச்சு?" என்று இன்னொன்று. சிரிப்பு பெட்ரோல் பங்க் வரை போயிற்று.

ஆவி சமாளித்துப் பார்த்தது. "தளபதிக்கு வயசாயிடுச்சு... மறதி..." அதற்குள் கூட்டம் பாட்டில்களை ஓங்கிவிட்டது. மாவீரர் எதிரிக்கு முதுகு காட்டினார். புதருக்குள் பாய்ந்தவரின் கோட்டு முள்ளில் மாட்டித் தங்கிவிட, அவர் மட்டும் பனியனோடு ஓடினார்.

ஓட்டுநர் அன்றே மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழியெல்லாம் அழுதார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பதினாலு கல் வெளியே வந்தது. இப்போது அவள் மிஷினில் உட்கார்ந்து, பேச்சுக்குப் பேச்சு கணவரைத் "தளபதி" என்று கூப்பிட்டு மானத்தை வாங்குகிறாள்.

இத்தோடு புத்தி வந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? ஆவி ஓடிய மறுநாள் காலையிலேயே பலகைக்குப் பின்னால் ஒரு வரிசை. ஒன்பது பிள்ளை பெற்ற தளபதியாயிற்றே, பிள்ளை வரம் தர மாட்டாரா!

ஐயா, அம்மா, அந்தப் பலகை எழுதிவைத்தது உங்களைப் படிக்கச் சொல்லித்தான். நாற்பது கிலோமீட்டர் பஸ் பிடித்து வருகிறவர்கள், பலகையைச் சுற்றி நாலு எட்டு வைத்திருந்தால் ஒரு பெண் சாவின் வாசல் வரை போயிருக்க வேண்டாம். கும்பிடக் கை தூக்கும்முன் கொஞ்சம் தலையையும் வேலை வாங்குங்கள். அது தேய்ந்துபோகாது.