மதினியை எங்கே கரைப்பது?

தேனி மாவட்டத்திலேயே ஸ்பேனர் அண்ணன் குறை சொல்லாத ஜீவன் ஒன்றே ஒன்றுதான்: அவர் மனைவி, எனக்கு மதினி. கல்யாண வீட்டுச் சாம்பாரோ, புதிதாகப் போட்ட தார் ரோடோ, எதிலும் அவருக்கு ஒரு நட்டு லூசாகத்தான் தெரியும். பம்புசெட் மெக்கானிக் அல்லவா! பெரியகுளத்தில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன்.

போன மாசியில் மதினி தவறிப்போனார். அஸ்திக் கலயத்தை வாசல் வேப்பமரத்தில் கட்டிவிட்டு, எங்கே கரைப்பது என்று பேச உட்கார்ந்தோம். அண்ணன் அழவில்லை. குறை சொல்ல ஆரம்பித்தார்.

"சுருளி அருவியில கரைச்சிருவோம் மச்சான்" என்றார் மதினியின் தம்பி.

"அங்கன தண்ணி ஐஸா இருக்கும்டா. அவளுக்குச் சளி பிடிக்கும்."

"அப்ப ராமேஸ்வரம்?"

"மதுரை தாண்டுறதுக்குள்ள பஸ்ல வாந்தி எடுப்பா. ஒனக்குத் தெரியாதா?"

மாங்கன்றுக்கு அடியில் போட்டால் நினைவாக மரம் நிற்குமே என்றேன் நான். நர்சரிக்குப் போனோம். காய்க்க மூன்று வருஷம் ஆகும் என்றார்கள்.

"அதுவரைக்கும் அவ சும்மா இருப்பாளா தம்பி? ஒரு நா அவ சும்மா உக்காந்து பாத்திருக்கியா?"

பஸ் ஸ்டாப்பில் மதினி பெயரில் சிமெண்ட் பெஞ்சு போடலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். "கண்ட பயலும் அவ பேரு மேல உக்காருவான்" என்று சீறினார்.

பதினாறாம் நாள் நெருங்கியது. மைத்துனருக்குப் பொறுமை போய்விட்டது. "காரியத்துக்குள்ள கரைக்கலைன்னா அக்கா அலைஞ்சுக்கிட்டே கெடக்கும் மச்சான். சொந்தக்காரவுக காறித் துப்புவாக."

மறுநாள் காலையில் அண்ணன் கலயத்தை அவிழ்த்துக்கொண்டு ஊர்க்கோடி வாய்க்காலுக்கு நடந்தார். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கரைத்துவிட்டார். சாம்பல் அசையவில்லை. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். மடை அடைத்திருந்தது, திறக்க இன்னும் மூன்று நாள்.

"கிறுக்கு மனுசா! கெட்டுக் கெடக்குற தண்ணியில அக்காவை விட்டுட்டியே!" என்று மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை விரித்துக் கரையில் உட்கார்ந்தார். மூன்று நாளும் பகலெல்லாம் அங்கேதான். நான் சாப்பாடு கொண்டுபோனேன். ரசத்தில் புளி தூக்கல் என்று என்னிடம் சொல்லாமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் மடை திறந்தது. சாம்பல் மெதுவாக வயல்பக்கம் நகர்ந்தது. கூடவே கரையில் நடந்துபோனவர், வளைவு வந்ததும் நின்றுவிட்டார்.

திரும்பும் வழியில் தயங்கிக் கேட்டேன். "மடை அடைச்சிருக்கும்னு மறந்துட்டீகளா அண்ணே?"

"முப்பது வருசமா இந்தக் கரையிலதான் மோட்டார் பாக்குறேன். என்னைக்குத் தொறப்பாக, என்னைக்கு அடைப்பாகன்னு எனக்குத் தெரியாதா தம்பி?"

கொஞ்ச தூரம் நடந்தபின் சொன்னார்: "மூணு நா எங்கூட இருந்தாள்ல."

நான் இப்போது தேனிக்கு வீடு மாறிவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பெரியகுளம் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன். வேலை ஒன்றும் கிடையாது. அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரத்தான்.