ஏரியைவிட ஓரடி பள்ளம்

எந்த மழைக்கும் தண்ணீர் நிற்காத தெரு என்று வெள்ளானூரில் பேர் வாங்கியிருந்தது தசரதன் குடியிருந்த தெரு. அந்தத் தெருவில் இப்போது கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வராமலிருக்கத் தசரதன் போட்ட மண்கரையும் தெருமுனையில் கம்பீரமாக நின்றது.

"இன்னா சார், கரை இல்லாத வரிக்கும் தண்ணி அதும்பாட்டுக்கு ஏரிக்குப் போய்கினு இருந்திச்சு," என்றார் எதிர்வீட்டு வீராசாமி, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி.

"அப்படித்தான் தோணும். கம்ப்யூட்டர்ல பார்த்தாச்சு. நம்ம தெரு ஏரியைவிட ஓரடி பள்ளம். இது ஏரியிலேர்ந்து கசியற தண்ணி."

தசரதன் மண், நீர்ப் பொறியாளர். தொண்ணூற்று மூன்றில் அம்பத்தூரிலிருந்த அவர் அலுவலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. செயற்கைக்கோள் படத்தையும் ஊரின் மட்ட அளவுகளையும் ஏற்றினால், எங்கே விழுந்த மழை எங்கே போய்ச் சேரும் என்று கலர் கலராக வரைந்து காட்டும். முதல் வேலையாகத் தன் தெருவையே எடுத்துக்கொண்டார் தசரதன். இது சொதப்பினால் கம்ப்யூட்டரை வேறு மாவட்டத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். தசரதன் தினமும் அதைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்து வைப்பார். பெற்ற பிள்ளைமேல் கூட அவ்வளவு பிரியம் வைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அவர் மனைவி லோகநாயகிக்குப் பெருமை இன்னும் ஒருபடி மேல். "எங்க வீட்டுக்காரர் சொன்னா சாட்டிலைட் சொன்ன மாதிரி," என்று பால் பூத்தில் சொல்லிவிட்டுத்தான் பாக்கெட்டை வாங்குவாள்.

நின்ற தண்ணீரின் அளவைக் கம்ப்யூட்டரில் போட்டார் தசரதன். கரையை உயர்த்தச் சொன்னது. உயர்த்தினார். அடுத்த மழைக்குத் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. ஏரிக்குப் போகும் பழைய கால்வாயை அடைக்கச் சொன்னது. அடைத்தார். தண்ணீர் வாசற்படி ஏறியது.

வீராசாமி கரைமேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஏரி தோ கீய கீது சார். நாமதான் மேல கீறோம்."

"கண்ணு ஏமாத்தும்," என்றார் தசரதன். குரலில் பழைய தெம்பு இல்லை.

மூன்றாவது மழையில் சமையலறைச் சொம்பு கூடத்துக்கு மிதந்து வந்தது. வீராசாமியும் நாலு பேரும் மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டிவிட்டார்கள். பள்ளத்துத் தெருவின் தண்ணீர் மொத்தமும் மேட்டு ஏரிக்குள் குடுகுடுவென்று ஓடி இறங்கியது. ஊரே கைகொட்டிச் சிரித்தது. சாயங்காலம் மேலதிகாரி போன் செய்தார். திங்கட்கிழமை கம்ப்யூட்டரை ஏற்றிப்போக வேன் வருமாம்.

"எங்கேயோ அளவு தப்பியிருக்கு லோகா," என்றார் தசரதன்.

"நீங்களாவது தப்பறதாவது. போய் இன்னொரு தடவை அளந்து பாருங்க."

காலையில் கருவிகளோடு கிளம்பினார். தெருவின் அளவெல்லாம் ஒரே கல்லை வைத்து எடுத்தவை. அந்தக் காலத்து சர்வேக்காரர்கள் நட்ட மட்டக்கல் அது. அதன் தலை கடல்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்று அரசு வரைபடத்திலேயே போட்டிருக்கும். ஏரிக்கு வேறொரு கல். தெருக்கோடி வேப்பமரத்தடியிலிருந்த இந்தக் கல்லை ஊர் எப்போதோ அம்மனாக்கி, மஞ்சள் பூசிச் சேலையும் கட்டிவிட்டிருந்தது. போன தடவையும் தசரதன் செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மன் தலையில் அளவுகோலை வைத்துத்தான் அளந்தார்.

இன்று குனிந்து பார்த்தார். அம்மனுக்குக் கீழே சிமெண்டு மேடை. டேப் வைத்தார். மூன்றடி. கல் மூன்றடி ஏறியதால், கணக்கில் தெரு மூன்றடி இறங்கியிருக்கிறது. அதைக் கூட்டிப் பார்த்தால் தெரு ஏரியைவிட ஓரடி பள்ளமில்லை, இரண்டடி மேடு.

தசரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. கொடுத்த கணக்கை அட்சரம் பிசகாமல் போட்டிருக்கிறது. மார்பை நிமிர்த்திக்கொண்டு, பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த எல்லம்மாவிடம் திரும்பினார்.

"கவர்மெண்ட் கல்லைத் தூக்கி மேடையில வச்சது யாரு? யாரா இருந்தாலும் சரி, போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்காம விடமாட்டேன்."

எல்லம்மா பூவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்க ஊட்டம்மாதான் சார். உனுக்குக் கம்பீட்டரு வரணும்னு அம்மன்கிட்ட வேண்டிகினு, வந்த மறுவாரமே கட்டிக் குட்துச்சு."