என் மகளுக்கு நானே அவுட் கொடுத்த கதை

ஒருவரைக் கெடுக்க வேண்டுமானால் திட்டவே தேவையில்லை. நாலு பேர் நடுவில் வைத்து "நீங்க ரொம்ப நேர்மையானவங்க" என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கப்புறம் அந்த மனுஷர் என்ன செய்வார் என்பது அவருக்கே தெரியாது. எனக்கு இது நடந்தது சித்தூரில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், கழுத்தில் விசிலோடு.

என் மகள் பவித்ரா அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர் குடிபாலா பக்கம். ஊர்ப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, பள்ளியின் பி.இ.டி. சார் ஒரு கபடி அணி கட்டியிருந்தார். அன்றைக்கு நகரி பக்கத்து அணியோடு ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் திருப்பதிக்குப் போய் ஆடலாம். திருப்பதி ஒன்றும் எங்களுக்குத் தூர தேசம் இல்லை. வீட்டில் யாருக்காவது மொட்டை என்றால் கிளம்பிவிடுகிற ஊர்தான். ஆனால் விளையாடப் போவது என்பது வேறு. பவித்ரா அந்த வாரம் முழுக்கத் தூக்கத்தில்கூட கபடி பாடினாள். பக்கத்தில் படுத்திருந்த அவள் அப்பாவைக் காலைப் பிடித்து இழுத்து, பாயை விட்டு வெளியே போட்டாள். அவரும் பாவம், அவுட் ஆனவர் மாதிரி எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்து படுத்தார்.

மைதானத்துக்குப் போனால், நடுவர் வரவில்லை. காய்ச்சல் என்று போன் வந்ததாம். விதி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று பி.இ.டி. சார் பெற்றோர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். காலேஜில் கபடி ஆடியிருக்கிறேன் என்று வாயைத் திறந்தேன். (ஆடியது உண்மைதான். பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிற ஆட்டம். அதையெல்லாம் அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?)

என் பெண்ணும் ஆடுகிறாள் என்பதை மட்டும் நகரி அணியின் கோச்சிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சின்ன வயதுக்காரர், அமைதியான ஆள். எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். மாம்பழக் கூழ் கம்பெனியில், அடிபட்ட பழங்களைப் பொறுக்கித் தள்ளுகிற வேலை என்றேன்.

"அப்போ இன்னா மேடம் யோசனை? உங்களப் பாத்தாலே தெரியுது. சொந்தப் பொண்ணுன்னுகூடப் பாக்க மாட்டீங்க," என்றார்.

அந்த வார்த்தை நேராக என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. விசிலை மாட்டிக்கொண்டு களத்துக்குள் போனபோது, நான் நடக்கவில்லை, நீதி நடந்து போனது.

முதல் தடவை பாடிப் போன பவித்ரா, எதிரணிப் பெண் ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். தெளிவாகவே பார்த்தேன். ஆனால் பார்த்தது அம்மாவின் கண்ணா, நடுவரின் கண்ணா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் பழத்தைத் தள்ளு என்பதுதான் எங்கள் கம்பெனிச் சட்டம். தள்ளிவிட்டேன். பாயிண்ட் இல்லை.

அடுத்த தடவை அவள் கால் கோட்டுக்குப் பக்கத்தில் போனது. பக்கத்தில்தான் போனது. நான் விசில் ஊதி, கோட்டைத் தாண்டிவிட்டாய் என்று வெளியே அனுப்பினேன். நடுவர் சொன்னால் பேசாமல் போக வேண்டும் என்று சார் பழக்கியிருந்ததால் அவள் பேசவில்லை. போகிற போக்கில் ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். 'சாயங்காலம் நம்ம வீட்டுக்குத்தானே வருவே' என்கிற பார்வை.

அதோடு விட்டேனா? அவள் சிநேகிதிகளும் என் ஊர்ப் பிள்ளைகள்தானே, அவர்களுக்கும் சலுகை காட்டிவிடக் கூடாது என்று தோன்றியது. குடிபாலா பிள்ளைகள் தும்மினால்கூட விசில் ஊதினேன். பிள்ளைகளை ஏற்றி வந்த வேன் டிரைவர் கோட்டுக்கு வெளியே நின்று, "ஏன்ட்டி மேடம் இதி?" என்று தெலுங்கில் ஆரம்பித்தார். (என்ன இது என்று அர்த்தம். அதற்கப்புறம் அவர் சொன்னதற்கு நான் அர்த்தம் சொல்லப்போவதில்லை.) பி.இ.டி. சார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து இரண்டு கைகளாலும் ஏதோ சைகை செய்தார். எல்லோரும் திட்டத் திட்ட எனக்குப் பெருமை கூடிக்கொண்டே போனது. சொந்த ஊரே திட்டுகிறது என்றால் நான் எவ்வளவு நேர்மையானவளாக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் பிள்ளைகள் எப்படியோ சமமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசிப் பாட்டு. நகரி அணியிலிருந்து ஹேமா என்ற பெண் வந்தாள். ஒல்லியாக, வேலிக்கம்பு மாதிரி இருப்பாள். எங்கள் பக்கம் பவித்ரா ஓரத்தில் நின்றாள். ஹேமா பாய்ந்து கையை நீட்ட, பவித்ரா பின்னால் வளைய, ஹேமா திரும்பி ஓடிக் கோட்டைத் தொட்டாள்.

நான் விசில் ஊதினேன். பவித்ரா அவுட், நகரிக்குப் பாயிண்ட், ஆட்டம் முடிந்தது என்று கையைத் தூக்கினேன். நகரிப் பிள்ளைகள் குதித்தார்கள். ஹேமா மட்டும் குதிக்காமல் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"நான் தொடல ஆன்ட்டி. எட்டல."

பாயிண்ட் வேண்டும் என்று சண்டை போட்டால் எப்படிச் சமாளிப்பது என்று யோசித்து வைத்திருந்தேன். பாயிண்ட் வேண்டாம் என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் என்ன செய்வது? நடுவர் பின்வாங்கக் கூடாது என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

"தொட்டம்மா. நான் பாத்துக்கினுதானே இருந்தேன்," என்றேன்.

"இல்ல ஆன்ட்டி."

"நடுவர் சொல்றேன், தொட்டுட்ட."

அவள் பொறுமையாகத் தன் வலது கையை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். "தொட்டிருந்தா எனக்குத் தெரியாதா ஆன்ட்டி? கை என்னுதுதானே."

மைதானமே சிரித்தது. வேன் டிரைவர் வேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து என் தலையில் உட்கார்ந்திருந்த நீதி அந்த நிமிஷம் இறங்கி எங்கேயோ போய்விட்டது. கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஜெயிக்க வேண்டாம் என்று சொல்கிற ஒரு குழந்தையோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன்.

நகரி கோச் வந்தார். தன் அணி கையிலிருந்த வெற்றி நழுவுகிறது என்று அவருக்குத் தெரியும். ஹேமாவைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என்னிடம், வெயிலில் ரொம்ப நேரம் நின்றுவிட்டீர்கள், நிழலில் போய்த் தண்ணி குடியுங்கள் என்றார். அதைவிட மரியாதையாக யாரையும் வேலையை விட்டு நீக்க முடியாது.

சமநிலை என்பதால் அணிக்கு ஐந்து பாட்டு. நடுவர் கிடையாது, தொடப்பட்டவர் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும் என்று இரண்டு கோச்சுகளும் பிள்ளைகளிடம் சொன்னார்கள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். அன்று முழுக்க ஒரு சண்டையும் இல்லாமல் நடந்தது அந்தப் பத்துப் பாட்டுதான். ஒரு பெண் முதலில் தூக்காமல் நின்றாள், பக்கத்தில் இருந்தவள் ஏதோ சொன்னாள், தூக்கிவிட்டுப் போனாள். அவ்வளவுதான்.

குடிபாலா ஒரு பாயிண்டில் ஜெயித்தது.

ஹேமா குழாயடியில் முகம் கழுவுகிற மாதிரி அழுதுகொண்டிருந்தாள். பவித்ரா போய்ப் பக்கத்தில் நின்றாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள். நான் ஹேமாவின் அம்மாவைத் தேடிப் போய், இப்படியொரு பெண்ணை வளர்த்திருக்கிறீர்களே என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சலித்துக்கொண்டார். "வூட்லயும் இப்படித்தான்கா. டம்ளர ஒடச்சா அவளே வந்து சொல்லிடுவா. அடிக்கக்கூட முடியல," என்றார். சொல்லிவிட்டு, மகள் பக்கம் அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அடிக்கிற எண்ணம் எதுவும் தெரியவில்லை.

வேனில் பவித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வீட்ல பேசிக்கலாம்," என்றாள்.

இரண்டு வாரம் கழித்துத் திருப்பதி. நான் பார்வையாளர் வரிசையில், விசில் இல்லாமல். ஆட்டம் முடியப்போகிற நேரம். எதிரணிப் பெண் பாடி வந்து திரும்பினாள். அங்கிருந்த நிஜமான நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. பவித்ரா தோளைத் தடவிக்கொண்டு, கையைத் தூக்கிவிட்டு, வெளியே நடக்க ஆரம்பித்தாள்.

"தொடல, தொடல, நான் பாத்தேன்," என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றது வேறு யாருமில்லை, நேர்மைக்குப் பேர்போன நான்தான்.

பவித்ரா கோட்டருகே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை கூட்டத்திலும் நிதானமாகச் சொன்னாள். "தோள் என்னுதுதானே ஆன்ட்டி."

தோற்றுப்போய்த்தான் வந்தோம். வழியெல்லாம் வேனில் பாட்டும் கூத்தும்.

இப்போது பவித்ரா இன்டர், அதாவது பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் வீட்டில் நான் யாருக்காகவும் எதையும் தீர்மானிக்க முடியாது. இன்னும் ஒரு தோசை துன்னு என்றால் "வயிறு என்னுதுதானே ஆன்ட்டி" என்கிறாள் மகள். டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்றால் "நாக்கு என்னுதுதானே ஆன்ட்டி" என்கிறார் கட்டிய புருஷன். ஹேமா இன்றைக்கும் பவித்ராவுக்கு அடிக்கடி போன் செய்வாள். மகள் போனை ஸ்பீக்கரில் போடுவாள். அந்தப் பெண் பணிவாக "நல்லாக்கீறீங்களா ஆன்ட்டி?" என்று கேட்பாள். உடனே வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு இன்னமும் தெரியாது. நான் மட்டும் நல்லாக்கீறேம்மா, நீ நல்லாரு என்று சொல்வேன், ஒவ்வொரு தடவையும் மனசாரச் சொல்வேன்.